பழைய முழவு ஒன்றைப் பதிப்பித்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகள் திங்கள் தவறாமல் கூடிக் கவிதை படித்து, படித்த கவிதைகளை ஒளிவுமறைவின்றித் திறனாய்ந்து வந்திருக்கும் இவ்வட்டத்தின் விழாவில் உரையாற்ற என்னை அழைத்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகிறேன். உரைத்தலைப்பை எழுதி அனுப்பிய மறுநாள் செயலாளர் அவர்கள் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, 'பழைய ஏடு ஒன்றைப் பதிப்பித்தல்' என்றுதானே இருக்க வேண்டும்? அச்சுக்குக் கொடுக்குமுன் கேட்டுவிடலாம் என்று..." என இழுத்தார். பிழை ஏதும் இல்லை, முழவுதான் என்று விடையிறுத்தேன். அதுவும் நம் கோயில் முழவு அன்று. மேலைநாட்டு இசைக்குழுக்களில் ஸ்நேர் டிரம் என்றும், நம் ஊர் பேண்டு வாத்தியக்காரர்களிடையே சைடு டிரம் என்றும் வழங்கும் கருவி. தமிழ் கற்பிக்கும் ஒருத்தி அதைப் பற்றிக் கவிஞர்களிடம் ஏன் பேச வேண்டும் என்ற வினாவுக்கு உரையின் இறுதியில் விடை உண்டு. அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

கருவியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 14 அங்குல விட்டமும் ஐந்தரை அங்குல உயரமும் கொண்ட ஓர் உருளைக் கூடு. மேலும் கீழும் தோல். மேல்தோலைக் குச்சிகளால் அடிப்பார்கள். கீழ்த்தோல் மிக மெல்லியது. அதன் அடியில், தோலைத் தொட்டும் தொடாமலும், முறுக்கிய எஃகுக் கம்பிகள் வரிசையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேலே விழும் அடி உள்ளே அடைபட்ட காற்றைத் தள்ள, காற்று கீழ்த்தோலை அசைக்க, அசைந்த தோல் கம்பிகளின் மேல் மோத, 'சர்' என்ற அந்தத் தனி ஒலி பிறக்கிறது. கூட்டின் பக்கவாட்டில் உள்ள விசையைத் தளர்த்திக் கம்பிகளை விலக்கிவிட்டால் கருவி வெறும் பறை போல 'தொம்' என்று ஒலிக்கும்.

கம்பிக்கு முன்னர் அங்கே இருந்தவை விலங்கின் குடலை முறுக்கிச் செய்த நரம்புகள். நம் மரபு கருவிகளைத் தோற்கருவி என்றும் நரம்புக்கருவி என்றும் பிரித்துப் பேசும். இக்கருவியோ தோற்கருவியின் வயிற்றடியில் நரம்பைச் சுமந்து நிற்கிறது. ஐரோப்பியப் படைகளில் ஆணைகளை அறிவித்த இப்பறை, பிற்காலத்தில் இசையரங்குக்குள் நுழைந்தது. பிரெஞ்சு இசையறிஞர் ராவெல் 1928இல் இயற்றிய 'பொலேரோ'வில் ஒரே தாளக் கூற்றைத் தொடக்கம் முதல் இறுதி வரை இக்கருவியே விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஜாஸ் குழுக்களுக்கும் நடன அரங்குகளுக்கும் இது இன்றியமையாததாயிற்று.

அத்தகைய நடன அரங்கு ஒன்றிலிருந்துதான் எங்கள் வீட்டுக் கருவி வந்தது. திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில், நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்து 1928 முதல் இயங்கும் இரயில்வே பணிமனையில் என் தந்தையார் ஃபிட்டராகப் பணியாற்றினார். இரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல அப்போது வாழ்ந்தன. அண்டை வீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் தந்தையாருக்கு டிரம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 1970களின் தொடக்கத்தில் அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, தம் கருவியைத் தந்தையாரிடம் விட்டுச் சென்றார். தந்தையார் அவரைக் குறிப்பிடும்போதெல்லாம் 'மாஸ்டர்' என்பார். அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இதனை நினைவில் கொள்ளுங்கள்.

தந்தையார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, பழைய பெட்ஷீட் ஒன்றில் சுற்றிய அக்கருவி கீழே இறங்கியது. கல்லூரியில் படிக்கும் என் மகன் அதை வாசிக்க விரும்பினான். மேல்தோல் கிழிந்திருந்தது; கம்பிகளில் பாதி அறுந்திருந்தன; வளையங்களில் துரு; கூட்டைச் சுற்றிய முத்துநிற உறை மஞ்சள் பாரித்திருந்தது. செய்தவர் பெயரைத் தாங்கும் சிறு உலோகத் தகடு இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் எஞ்சியிருந்தன.

இசைக்கருவி விற்கும் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் நல்லவர், தொழில் அறிந்தவர். "மேடம், இதைப் புதுசு போல ஆக்கித் தருகிறேன். உறையை உரித்துவிட்டுப் புது ஷீட் ஒட்டலாம். திருகெல்லாம் மாற்றிவிடலாம். இப்போது வரும் பிளாஸ்டிக் தோல் இதற்கு நுழையாது. கூட்டைச் சுற்றிலும் கொஞ்சம் இழைத்துவிட்டால் சரியாக உட்காரும்" என்றார். நானும் மகிழ்ந்து, ஞாயிறன்று வீட்டில் துடைத்துச் சுத்தமாக்கித் திங்களன்று கொண்டுவருகிறேன் என்று சொல்லி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் பிழை செய்தேன். திருகுகளைக் கழற்றி, கிழிந்த தோலை எடுத்துவிட்டு, கூட்டின் உட்புறத்தில் படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் ஊதா நிறம் இறங்கியது. ஏதோ சாயம் போலும் என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். அருகிலிருந்த மகன், "அம்மா, நிறுத்துங்கள். அது எழுத்து" என்றான்.

அலுவலகங்களிலும் பணிமனைகளிலும் முன்னாளில் மைப்பென்சில் ஒன்று புழங்கியது. எழுதும்போது சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஈரம் பட்டால் ஊதா மையாகிப் படரும். தந்தையார் அதனால்தான் எழுதியிருக்கிறார். நான்கு வரிகள். கீழ் இரண்டும் தப்பின. '74 ஆவணி, மேல் தோல்' என்று ஒன்று. '81 தை, மேல் கீழ் இரண்டும்' என்று மற்றொன்று. தோல் மாற்றிய போதெல்லாம் உள்ளே குறித்து வைத்திருக்கிறார். மேல் இரண்டு வரிகளை நான் அழித்துவிட்டேன். வரிசை காலத்தால் அமைந்தது என்பதால், அழிந்தவை 1974க்கு முற்பட்டவை. அதாவது கருவி கைமாறிய காலத்தவை. மாஸ்டரின் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருந்தால், அது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

அவையோரே, பதிப்பியல் குறித்து முதுகலை மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்துபவள் நான். ஏட்டைத் தொடுமுன் அது என்ன ஏடு என்று அறிய வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதுபவள். என் வீட்டு ஏட்டை நானே ஈரத்துணியால் துடைத்தேன். திங்களன்று கடைக்குச் செல்லவில்லை. இது என்ன கருவி என்று முதலில் அறிந்துகொள்வது என முடிவு செய்தேன்.

கருவியை அடையாளம் காண்பதற்குத் தகடே போதும் என்று பலரும் எண்ணுவர். தகடு இருந்திருந்தாலும் அது முடிந்த சான்று ஆகாது என்பதனைப் படிக்கப் படிக்க உணர்ந்தேன். அமெரிக்காவின் புகழ்பெற்ற லட்விக் டிரம்மின் வரலாறு இதற்குச் சான்று. சிகாகோவில் 1909இல் லட்விக் உடன்பிறந்தார் இருவர் தொடங்கிய நிறுவனம் 1930 அளவில் கான் என்னும் பெருநிறுவனத்தின் கைக்குச் சென்றது. பெயரும் உடன் சென்றது. உடன்பிறந்தாருள் எஞ்சியிருந்த வில்லியம் லட்விக் 1937இல் புதிய நிறுவனம் தொடங்கியபோது, தம் குடும்பப் பெயரைத் தம் டிரம்மில் பொறிக்க அவருக்கு உரிமை இல்லை. தம் பெயரின் முதலெழுத்துகளான 'டபிள்யூ.எஃப்.எல்.' என்பதையே பொறித்தார். 1955இல்தான் பெயரை விலை கொடுத்து மீட்டார். ஆகவே இடைப்பட்ட காலத்தில் 'லட்விக்' என்று தகடு தாங்கிய டிரம் லட்விக் செய்தது அன்று. லட்விக் செய்த டிரம்மில் அப்பெயர் இல்லை. 1960களில் அந்நிறுவனத் தகடுகளில் வரிசை எண்கள் இடம்பெற்றன. ஆயினும் தகடுகளை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை. கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தினர். எனவே எண்ணைக் கொண்டு சொல்லும் ஆண்டும் தோராயமானதே. நூலின் முகப்பில் உள்ள ஆசிரியர் பெயரை மட்டும் நம்பிக் காலம் கணிப்பவர் படும் இடரே இங்கும் நேர்கிறது.

அகச்சான்றையே தேட வேண்டும். தேடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, கூடு. தோலை எடுத்துவிட்டால் கூட்டின் விளிம்பில் மரத்தாள்களின் அடுக்கு தெரியும். ஒரே பலகையை நீராவியில் வளைத்ததா, மெல்லிய தாள்கள் பல ஒட்டியதா, உள்ளே விளிம்பை ஒட்டி வலுவுக்கான வளையம் உண்டா என்று காணலாம். எங்கள் கருவியில் மெல்லிய பிர்ச் மரத்தாள்களும் உட்புறம் பீச் மர வளையங்களும் இருந்தன. ஆங்கிலேயத் தயாரிப்பான பிரிமியர் டிரம்களில் இவ்வமைப்பு வழக்கம். 1922இல் இலண்டனில் தொடங்கிய அந்நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் 1940இல் தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு ஆளானபின் லெஸ்டர் பகுதிக்குப் பெயர்ந்து அங்கே நிலைத்தது.

இரண்டாவது, உலோகம். வளையங்களின் பூச்சு சற்று மஞ்சள் சாயலோடு இருந்தால் நிக்கல். நீலச் சாயலோடு குளிர்ந்து மின்னினால் குரோமியம். நிக்கல் பூச்சைப் பித்தளை துலக்கும் பசையால் தேய்த்தால் அழுக்கோடு பூச்சும் போகும். எங்களுடையது குரோமியம். அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெல்லத் தேய்த்ததும் துரு விலகியது. பூச்சுக்கு ஊறு இல்லை.

மூன்றாவது, திருகின் மரை. நாட்டுக்கு நாடு மரையின் அளவு வேறு. அமெரிக்கத் திருகை ஆங்கிலேயத் தாங்கியில் வலிந்து செலுத்தினால் தாங்கியின் மரை தேய்ந்து பிறகு எதுவும் நில்லாது. எங்கள் கருவியில் மேலும் கீழுமாக 16 திருகுகள். அவற்றுள் 15 ஒரே வார்ப்பு. ஒன்று மட்டும் வேறு. தலை சற்றுப் பெரிது. அரம் பட்ட தடம் தெரிகிறது. மரையோ மிகத் துல்லியம். எப்போதோ தொலைந்த ஒன்றுக்கு ஈடாகத் தந்தையார் தம் கையால் கடைந்து செய்த திருகு அது.

நான்காவது, உறை. முத்துச்சிப்பியின் மினுக்கத்தோடு கூட்டைச் சுற்றியிருப்பது செல்லுலாய்டு. அதன் மூலப்பொருள்களுள் ஒன்று கற்பூரம். மூடிக்கிடந்த பழைய கூட்டைத் திறந்தால் மெல்லிய கற்பூர மணம் வரும். நான் அதைத் தந்தையாரின் பூசை அலமாரி மணம் என்று எண்ணியிருந்தேன். எளிதில் தீப்பற்றக்கூடிய இப்பொருளுக்கு அருகே வெப்பம் கூடாது. ஒளிபட்டு இவ்வுறை மஞ்சளாகும். தாங்கி ஒன்றைக் கழற்றியபோது, அதன் அடியில் ஒளிபடாத இடம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. கருவியின் முதல் நிறம் அது. பழைய விலைப்பட்டியல்களின் படங்களோடு தாங்கிகளின் வடிவத்தையும் ஒப்பிட்டு, இது பிரிமியர் நிறுவனத்தார் 1950களின் இறுதியிலோ 1960களின் முற்பகுதியிலோ செய்தது என்ற முடிவுக்கு வந்தேன்.

இனி, செப்பனிடுதல். கடைக்காரர் ஏன் கூட்டை இழைக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது. 1950களின் பிற்பகுதி வரை டிரம்முக்குக் கன்றுத்தோலே பெரிதும் வழக்கு. 1957இல் ரெமோ பெல்லி என்பார் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் பாலியெஸ்டர்ப் படலத்தாலான செயற்கைத் தோலைப் பரவலாக்கியது. மழையிலும் பனியிலும் தளராத அத்தோல் உலகெங்கும் பரவிற்று. ஆனால் அது உலோக வளையத்தில் முன்னரே பொருத்தப்பட்டு ஒரே அளவில் வருவது. ஆங்கிலேய டிரம்கள் பலவோ 1960களின் பிற்பகுதி வரை, 14 அங்குலம் என்று பெயர் பெற்றிருந்தும் அதனினும் ஒரு மயிரிழை பெரியவை. விலங்குத்தோலை நனைத்து அந்தந்தக் கருவியின் வளையத்திலேயே மடித்துச் சுற்றிய காலத்தில் இது குறையே அன்று. தோல் கருவிக்கு இணங்கியது. செயற்கைத் தோல் வந்தபின் கருவி தோலுக்கு இணங்க வேண்டியதாயிற்று. இணங்காத கூடுகள் பலவற்றைச் சுற்றிலும் இழைத்துச் சிறிதாக்கினர். பழைய அளவுக்கான செயற்கைத் தோலும் விற்பனைக்கு உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். இழைத்த கூட்டுக்கோ மீட்சி இல்லை.

சொல் ஒன்று தளைக்கு இணங்கவில்லை என்று சொல்லை இழைக்கும் பதிப்பாசிரியரை இங்கே நினைக்காமல் இருக்க இயலவில்லை.

இன்னும் ஒன்று. கூட்டின் கீழ் விளிம்பு முழுதும் சமமாக இராது. எதிரெதிரே இரண்டு இடங்களில் மெல்லிய பள்ளம் இருக்கும். தரையில் கவிழ்த்து வைத்து விளக்கொளியில் பார்த்தாலன்றித் தெரியாது. கம்பிகள் தோலோடு படிந்து நிற்பதற்காகச் செய்தவரே திட்டமிட்டுச் செதுக்கிய பள்ளம் அது. அறியாத ஒருவர் அதைத் தேய்மானம் என்று கருதி விளிம்பைச் சமன் செய்துவிட்டால், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கம்பி ஒழுங்காகப் படியாது, ஒலி இரையும். எது குறை, எது அமைப்பு என்று அறியுமுன் கைவைக்கக் கூடாது என்பதற்கு இப்பள்ளத்தைக் காட்டிலும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

போர்க்கால அமெரிக்க டிரம்கள் இதனை வேறொரு வகையில் உணர்த்துகின்றன. 1942இல் இசைக்கருவியின் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் உலோகம் கூடாது என்று அரசு வரையறுத்தது. டிரம் செய்வோர் திருகைத் தாங்கும் உறுப்புகளை மரத்தாலேயே கடைந்தனர். இன்று அத்தகைய டிரம் ஒன்றைக் காண்பவர், யாரோ நாட்டுத்தச்சர் செய்த ஒட்டு வேலை என்று கருதி உலோகத் தாங்கிகளைப் பொருத்திவிடக் கூடும். அழகு கூடும், போர் மறைந்துவிடும்.

தோலுக்காகக் காவிரிக்கரை ஊர் ஒன்றில் தவில் செய்யும் பெரியவரை நாடினேன். தவிலிலும் இன்று பழைய வார்க்கட்டு குறைந்து எஃகு வளையமும் திருகும் வந்துவிட்டன. ஆயினும் தோலை வளையத்தில் சுற்றும் பழைய வேலை அவர் கையில் இருந்தது. டிரம்மைத் தட்டிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஊதாக் கறையைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார். சொன்னேன். "அப்போ உள்ளே தண்ணி காட்டக்கூடாது" என்றார். அவ்வளவுதான். பழைய வளையங்களிலேயே ஆட்டுத்தோலை நனைத்துச் சுற்றி, மேலுக்குத் தடித்ததும் கீழுக்கு இளங்குட்டியின் மெல்லிய தோலுமாக, நான்கு நாள் நிழலில் உலர்த்திக் கொடுத்தார். கன்றுத்தோல் அன்று என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அறுந்த கம்பிகளுக்குப் பதில் புதிய கம்பித்தொகுதி வாங்கினேன். பழையதைத் தாளில் சுற்றிக் காப்பாற்றியிருக்கிறேன். வேண்டுமெனில் நாளை வேறொருவர் இதனைக் கழற்றி அதனை மாட்டலாம்.

மஞ்சளான உறையை உரிக்கவில்லை. தந்தையார் கடைந்த திருகை மாற்றவில்லை. பிரிமியர் தகடு ஒன்றை எங்கேனும் விலைக்கு வாங்கி ஒட்டலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். எந்த ஆண்டின் தகடு என்று அறியாமல் ஒட்டினால் அது இடைச்செருகல். எனவே அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கிறது. அழிந்த இரண்டு வரிகளின் ஊதாக் கறையும் அப்படியே இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் அக்கறையும் இக்கருவியின் வரலாற்றில் ஒரு பகுதி; அதை எழுதியவள் நான்.

நம் மரபில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சிதைந்த அடிகளின் இடத்தைத் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை. சிதைவைச் சிதைவாகவே காட்டினார். 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எண்கள் இன்றும் பாடலின்றி நிற்கின்றன. அவரைவிடச் சங்கப் பாட்டின் நடை அறிந்தவர் யார்? அவ்வறிவு இருந்தமையாலேயே அவர் கையை அடக்கினார்.

மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளின் நீண்ட பட்டியலைத் தருகிறார். சல்லிகை, தக்கை, அந்தரி, மொந்தை எனப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பலவற்றின் உருவத்தை நாம் கண்டதில்லை. பெயர் எஞ்சிக் கருவி மறைந்தது. எங்கள் வீட்டிலோ கருவி எஞ்சி, அதைத் தந்தவர் பெயர் மறைந்தது. முன்னதற்குக் காலம் காரணம். பின்னதற்கு என் சுறுசுறுப்பு காரணம்.

இப்போது தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவுக்கு வருகிறேன். நம் வட்டத்தின் மூத்த உறுப்பினராய் இருந்து மறைந்த கவிஞர் ஒருவரின் மூன்று குறிப்பேடுகள் நம்மிடம் உள்ளன. அவற்றை இவ்வாண்டு நூலாக்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். பதிப்புக்குழுவில் நானும் ஒருத்தி. சென்ற கூட்டத்தில், தளை தட்டும் இடங்களைத் திருத்திவிடலாம், பேச்சுவழக்குச் சொற்களை எழுத்துவழக்காக்கலாம், அடித்தல் திருத்தல்களுள் நல்லதைத் தெரிந்துகொண்டு ஏனையவற்றை விட்டுவிடலாம், அவர் இருந்திருந்தால் இதைத்தான் விரும்புவார் என்று கருத்துகள் எழுந்தன. யாரும் தீய நோக்கத்தோடு சொல்லவில்லை. அவர்மீது கொண்ட அன்பினாலேயே சொன்னார்கள். அன்று நானும் தலையசைத்தேன்.

அந்தத் தலையசைப்பைத் திரும்பப் பெறுவதற்காகவே இவ்வுரையை எடுத்துக்கொண்டேன். அவர் தளை தட்ட எழுதிய இடங்களுள் சில கைப்பிழையாக இருக்கலாம். சில, நாம் தேய்மானம் என்று கருதும் பள்ளங்களாக இருக்கலாம். அவருடைய ஒலி அங்கேதான் படிந்து நிற்கிறதோ என்னவோ. குறிப்பேடுகளை முதலில் அவ்வாறே படியெடுப்போம். எந்தக் கவிதை எந்த மையில், எந்தத் தாளில், எந்த நாளில் எழுதப்பட்டது என்று குறிப்போம். அவர் அடித்த சொல்லையும் அடிக்குறிப்பில் காட்டுவோம். படிக்க இயலாத இடத்தில் புள்ளி இடுவோம். திருத்தியே ஆகவேண்டிய எழுத்துப்பிழை உண்டெனில், திருத்தியவர் நாம் என்பது தெரியும்படி திருத்துவோம். இதனால் நூல் சற்றுத் தாமதமாகும். அழகு சற்றுக் குறையும். அவர் பெயரைத் தாங்கும் நூலில் அவரே இருப்பார். கடைசியாக ஒன்று: குறிப்பேடுகளைத் தூசி தட்டுகிறேன் என்று யாரும் ஈரத்துணி எடுக்க வேண்டாம்.

கடந்த மார்கழியில் என் மகன் அந்த டிரம்மை முதன்முதலாக வாசித்தான். அதிகாலைப் பனியில் ஆட்டுத்தோல் தளர்ந்து ஒலி மந்தமாயிற்று. 'பிளாஸ்டிக் போட்டிருக்கலாம்' என்று முணுமுணுத்துக்கொண்டே வெயிலில் சற்று வைத்து எடுத்து, 16 திருகுகளையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினான். ஒன்றின் தலை மட்டும் சாவிக்குச் சற்று இறுக்கமாக இருப்பதாகச் சொன்னான். அது தாத்தா செய்தது என்றேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விசையை ஏற்றி அடித்தான். அந்த 'சர்' என்ற ஒலியை நாற்பது ஆண்டுகளுக்கு முன் பொன்மலைக் குடியிருப்பின் திண்ணையில் கேட்டிருக்கிறேன்.

அடுத்த முறை தோல் மாற்றும்போது நாளும் ஆண்டும் உள்ளே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீர் பட்டால் கரையாத சாதாரணப் பென்சிலால்.